மலை ஊர்ப் படிப்பகத்துக்குப் பழைய லேப்டாப்: லினக்ஸ், ஆஃப்லைன் நூலகம், பதிப்புரிமை

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்தால் முதலில் போவது கரண்ட், அடுத்தது கேபிள். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு சீகை மரம் சாய்ந்தால் போதும், கம்பத்தில் போகும் ஃபைபரையும் இழுத்துக்கொண்டு விழும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இதே பாடு ஆனி, ஆடியிலேயே தொடங்கிவிடும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டிய நீலகிரி மாவட்டம் இது. இங்கே ஓர் ஊர்ப் படிப்பகத்தில் கம்ப்யூட்டர் வைக்கிறோம் என்றால், எது அந்த அறைக்குள்ளேயே இருக்கிறதோ அதுதான் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும். அறைக்குள் வைக்க நகல் எடுக்க வேண்டும். நகல் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும், எடுக்க உரிமையும் இருக்க வேண்டும். யாரும் நகலெடுக்கவும் மாற்றவும் அனுமதியோடு வரும் திறந்த மூல மென்பொருளைக் காசு மிச்சம் என்பதற்காக மட்டும் பாராட்டுகிறவர்கள் இந்த உரிமையைக் கவனிப்பதில்லை. எங்கள் கணக்கில் முதல் காரணமே அதுதான்.

இயந்திரத்திலிருந்து ஆரம்பிப்போம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளை ஏற்பதில்லை. இதனால் ஓடக்கூடிய லேப்டாப்கள் ஏராளமாகப் பரணுக்குப் போய்விட்டன. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களும் பல வீடுகளில் துணி சுற்றிக் கிடக்கின்றன. கேட்டால் கொடுத்துவிடுவார்கள். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பழைய விண்டோஸ் '32 பிட்' என்று காட்டினால் இயந்திரமே 32 பிட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 64 பிட் சிப்பில் 32 பிட் விண்டோஸ் போட்டுக் கொடுத்தது அந்தக் காலத்தில் சகஜம். சிப்பின் மாடல் எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நிஜமாகவே 32 பிட் மட்டும் என்றால் அதைப் படிப்பகத்துக்கு எடுக்க வேண்டாம். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பில் 32 பிட் பிசிக்கான நிறுவியே கிடையாது. திரை, கீபோர்டு, ஸ்க்ரூ என்று உதிரிக்கு ஆகும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். வேறெந்தச் செலவும் இந்த அளவுக்குப் பலன் தராது. அடுத்தது ராம். விண்டோஸுக்குப் பதில் நாம் போடப்போவது லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகு வகை. 2 ஜிபியில் அது கிளம்பிவிடும், ஆனால் பிரவுசரில் நாலு பக்கம் திறந்ததும் திணறும். 4 ஜிபி ஆக்கிவிடுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: டிடிஆர்3, டிடிஆர்3எல் என்ற இரண்டு ராம் வகையும் ஒரே வெட்டு, ஒரே நீளம், ஸ்லாட்டில் சரியாகவே உட்காரும். முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட். 1.35 மட்டும் கொடுக்கும் போர்டில் 1.5 வோல்ட் ராமைச் சொருகினால் திரை கறுப்பாகவே நிற்கும். ஸ்டிக்கரில் 'பிசி3எல்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்த ராமே வேலை செய்யவில்லை என்றால் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் பொன்னிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு மறுபடி போடுங்கள். மலை ஈரத்தில் அந்தப் பற்களில் படியும் மெல்லிய பூச்சு பல லேப்டாப்களைச் செத்ததாக நினைக்க வைத்திருக்கிறது.

அதைவிட அதிகம் ஏமாற்றுவது சிஆர்2032 செல். நாணயம் போல இருக்கும் 3 வோல்ட் பேட்டரி, கம்ப்யூட்டரின் தேதியைக் காப்பது அதுதான். பரணில் வருஷக்கணக்கில் கிடந்ததில் அது செத்திருக்கும். லினக்ஸ் போட்டு முடித்து, வைஃபை இணைந்து, எல்லாம் பச்சையாகத் தெரியும். ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று சொல்லும். அப்டேட் கொடுத்தால், கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுக்கும். பார்ப்பவர் லினக்ஸைத் திட்டுவார். மூலையில் தேதியைப் பாருங்கள்: வெகுவாகப் பின்தங்கியிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் அந்தத் தேதிக்கு வெகு நாள் கழித்துத்தானே கையெழுத்தாகியிருக்கிறது, இயந்திரத்துக்கு அவை இன்னும் பிறக்கவே இல்லை. மல்டிமீட்டரில் செல் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். சில லேப்டாப்களில் செல் ஒயரோடு பற்றவைத்து வரும். அதே மாதிரி ஒயர் வைத்ததையே கேட்டு வாங்குங்கள். செல்லின் மேல் நேராக சால்டரிங் அயர்ன் வைத்தால் வெடிக்கலாம்.

ஈரத்துக்கு எளிய மருந்து தினம் ஓட்டுவது. அரை மணி ஓடினால் தன் சூட்டிலேயே உள்ளே காய்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் பூட்டி வைத்துவிட்டு பனிமூட்ட நாளில் எடுத்தவுடன் ஆன் செய்யாதீர்கள். மூடியைத் திறந்து, அறைச் சூட்டில் ஓரிரண்டு மணி நேரம் வைத்த பிறகு போடுங்கள். பெட்டியில் வைப்பதென்றால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஆரஞ்சு நிறத்தது. நீல வகையில் கோபால்ட் உப்பு சேர்ந்திருக்கும், ஈரம் போக்க அதைச் சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது.

லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ சுமார் 3 ஜிபி. மலை இணைப்பில் பாதியில் அறுந்து, மறுபடி ஒட்டி, கடைசியில் ஏதோ ஓரிடத்தில் கெட்டிருக்கும். நிறுவும்போது 70 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி பெரும்பாலும் இந்தக் கோப்புதான். டாரன்ட்டில் இறக்குங்கள். டாரன்ட் என்றாலே திருட்டு என்ற பேச்சை நம்ப வேண்டாம், மின்ட், டெபியன் இரண்டும் தாங்களே டாரன்ட் கோப்பு கொடுக்கின்றன. துண்டு துண்டாகச் சரிபார்த்தே இறங்குவதால் இணைப்பு எத்தனை முறை போனாலும் கெடாது. எப்படி இறக்கினாலும், கோப்புக்குக் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பென்டிரைவில் எழுத வேண்டும். பழைய பிராட்காம் வைஃபை கார்டு உள்ள லேப்டாப்பில் முதலில் வைஃபையே தெரியாது. போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் கொடுத்து, டிரைவர் மேனேஜரில் டிரைவரை எடுத்துக்கொள்ளலாம். ஆறு லேப்டாப் இருந்தால் ஒன்றில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற மென்பொருளைப் போட்டுவிடுங்கள். அப்டேட்டை ஒன்று இறக்கினால் மற்ற ஐந்தும் அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும்.

இனி நூலகம். கிவிக்ஸ் என்ற மென்பொருள் விக்கிப்பீடியா முழுவதையும் 'ஸிம்' என்ற ஒற்றைக் கோப்பாகத் திறக்கும். தமிழ் விக்கிப்பீடியா, விக்சனரி இரண்டும் கிடைக்கின்றன. ஒரு லேப்டாப்பை கிவிக்ஸ் சர்வராக விட்டு ரௌட்டரோடு இணைத்தால், அறையிலுள்ள எல்லா லேப்டாப்பும் போனும் இணையமே இல்லாமல் அதைப் படிக்கும். இதற்கு ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரை வாங்கச் சொல்பவர்கள் உண்டு. மலை ஊருக்கு அது எங்கள் முதல் தேர்வு கிடையாது. கரண்ட் பட்டென்று போகும்போது அதன் மெமரி கார்டு எழுதிக்கொண்டிருந்தால் கெட்டுப்போகலாம், மறுநாள் கிளம்பாது. பேட்டரி அரை மணி தாங்கும் லேப்டாப் தனக்குத்தானே யுபிஎஸ். ரௌட்டருக்கு மட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போதும்.

பெரிய கோப்பைப் பென்டிரைவில் ஊட்டியிலோ கோவையிலோ இறக்கிக் கொண்டுவருவதுதான் வழக்கம். பென்டிரைவில் 16 ஜிபி இடம் இருந்தும், 4 ஜிபி தாண்டிய கோப்பு ஏறாது. காரணம் அது எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆகியிருப்பது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிவிட்டுப் போங்கள். பஸ் ஏறி வந்தபின் இது தெரிந்தால் ஒரு நாள் வீண்.

விக்கிப்பீடியாவை இப்படி மொத்தமாக அள்ளி வைப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதன் எழுத்து கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் இருக்கிறது: மூலத்தைச் சொல், மாற்றினால் அதே உரிமத்தில் கொடு. காசுக்கு விற்கக்கூடத் தடையில்லை. மின்ட்டைப் போட்டுக் கொடுக்கும் சர்வீஸ் கடைக்காரர் தன் வேலைக்குக் கூலி வாங்குவதும் முழுக்கச் சரி, லினக்ஸ் வெளியாகும் ஜிபிஎல் உரிமம் விலை வாங்குவதைத் தடுப்பதே இல்லை. கிராக் போட்ட ஆபீஸைப் படிப்பகத்தில் வைப்பதுதான் வம்பு. திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், ரூ. 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. வியாபார லாபம் இல்லாத இடம் என்றால் நீதிமன்றம் சிறையை விட்டு அபராதத்தோடு நிறுத்தலாம். இலவசமாக லிப்ரே ஆபீஸ் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

இப்படித் திறந்த உரிமத்தின் பலம் செய்திகளில் அடிக்கடி தெரிகிறது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் தன் பிஎஸ்டி என்ற திறந்த உரிமத்தைக் கைவிட்டது. அதுவரை வெளிவந்த 7.2.4 பழைய உரிமத்திலேயே எல்லோர் கையிலும் இருந்ததால், அதே மாதம் அதிலிருந்து வால்கீ என்ற தனிக் கிளை லினக்ஸ் ஃபவுண்டேஷனில் தொடங்கிவிட்டது. அடுத்த வருஷம் ரெடிஸே ஏஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. கைக்கு வந்த நகலின் உரிமத்தை யாரும் பின்னால் வந்து பிடுங்க முடியாது. எதிர்ப்பக்கம் பாருங்கள்: 2009 ஜூலையில் அமேசான், வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களை அழித்தது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி யுஎஸ்பி வழியாகக் கிண்டிலுக்கு ஏற்றும் வசதியையும் எடுத்துவிட்டது. மலைக்குப் பயன்பட்ட ஒரே வழி அதுதான். நகலெடுக்க விடாமல் மின்னூலில் மென்பொருள் பூட்டு போட்டிருப்பார்கள், உரிமை மீறும் நோக்கத்தோடு அதை உடைப்பது அதே சட்டத்தின் 65ஏ பிரிவில் 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆகவே படிப்பகத்தின் பணத்தில் பூட்டிய மின்னூல் வாங்காதீர்கள். அதே காசுக்கு அச்சுப் புத்தகம் வாங்குங்கள். 'திறந்த' ஏஐ மாடல் என்ற செய்தியையும் இப்படியே உரிமத்தைப் பிரித்துப் படியுங்கள். மெட்டாவின் லாமா உரிமத்தில் மாதம் 70 கோடிப் பயனர்களைத் தாண்டும் நிறுவனம் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று இருக்கிறது. நம் ஊர் அறைக்கு அந்த எண்ணிக்கை பொருட்டில்லைதான். ஆனால் நிபந்தனை போட்டுத் தருவதைத் திறந்த மூலம் என்று சொல்லக் கூடாது.

தமிழ்ப் புத்தகங்களுக்கு வருவோம். தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தருவதற்கு 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களை அப்படியே நகலெடுத்து வைக்கலாம், முன்பக்கத்தில் இருக்கும் அறிவிப்பை மட்டும் வெட்டக் கூடாது. அதுதான் அவர்கள் கேட்கும் ஒரே கூலி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூல் வெளியிடும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் இரண்டும் அடுத்த ஊற்றுகள். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் தாராளமாக ஆகும்.

மற்றவற்றுக்குக் கணக்குப் போட வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1965-இல் எந்த மாதம் இறந்தவர் என்றாலும் 2025 டிசம்பர் 31 வரை உரிமை உண்டு, 2026 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. புத்தகம் அச்சான வருஷத்தைப் பார்த்து ஏமாறுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. நீலகிரியைப் பற்றிய இரண்டு நூல்களையே எடுத்துக்கொள்வோம். தோடர் பழங்குடிகளைப் பற்றி மானுடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்டது தாராளமாக ஸ்கேன் செய்யக்கூடியது, அவர் 1922-இல் இறந்தார். 1930-களில் இங்கே தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை எழுதிக்கொண்ட மொழியியலாளர் எமனோ, தோடர் பாடல்களை 1971-இல் பதிப்பித்தார். அவர் இறந்தது 2005. அந்த நூலுக்கு 2065 முடியும் வரை உரிமை உண்டு. இன்னொரு பொறி உரை. குறள் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் 1974-இல் இறந்த ஒருவர் எழுதிய உரைக்கு, நாட்டுடைமை ஆகாத வரை, 2034 முடியக் காத்திருக்க வேண்டும். முன்னுரை, மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு.

உரிமை தீராத நூலுக்கும் இரண்டு கதவுகள் உண்டு, நூலகர்களே மறந்துவிடுபவை. 52(1)(என்) பிரிவு: லாப நோக்கமில்லாத பொது நூலகம், அச்சுப் பிரதி தன்னிடம் இருந்தால், பாதுகாப்பதற்காக அதை மின்வடிவில் சேமிக்கலாம். 52(1)(ஓ) பிரிவு: இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத புத்தகத்துக்கு அத்தகைய நூலகம் தன் உபயோகத்துக்கு மூன்று பிரதி வரை எடுக்கலாம். அதனால் பொது நூலகம் என்பதைக் காட்ட வருகைப் பதிவேடும் புத்தகப் பதிவேடும் ஒழுங்காக இருக்கட்டும். சேமித்த பிடிஎஃப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுவது இந்தப் பிரிவில் வராது. சில நூறு பிரதி மட்டும் போடும் பதிப்பாளரின் புத்தகத்தை அப்படிச் சுற்றவிடுவது, அடுத்த புத்தகம் வராமல் செய்யும் வேலை. இதில் எங்களுக்குச் சமரசமே இல்லை.

வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற 'என்சி' நிபந்தனை போட்ட பாடக் குறிப்பை ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து எடுக்கலாமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கிரேட் மைண்ட்ஸ், ஃபெட்எக்ஸ் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் இதைத்தான் பார்த்தது: பள்ளி தன் லாபமில்லாத தேவைக்காகக் கொடுத்து எடுக்கும்போது, கடை வாங்கும் கூலி உரிமத்தை மீறுவதாகாது. நம் நாட்டுத் தீர்ப்பு கிடையாது என்றாலும் உரிமத்தின் வாசகம் அதேதான். கடைக்காரர் தானே கட்டுக் கட்டாக அடித்து விற்றால் அது வேறு.

ஸ்கேனுக்கு 300 டிபிஐ, கிரேஸ்கேல். போன் கேமராவில் எடுத்தால் ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்துக்கு நேர் மேலே இருந்து. பூஞ்சை பிடித்த புத்தகத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான நிழலில் காயவைத்து, முகக்கவசம் போட்டு வெளியே வைத்துத் துடைத்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருளில் கோணல் நிமிர்த்தி, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசரேக்ட்டில் தமிழ் மொழிக் கோப்போடு கொடுத்தால் எழுத்தாக மாறி வரும். நல்ல அச்சு என்றால் நன்றாகவே வரும், ஆனால் ர-வும் துணைக்காலும் ஒன்றுக்கொன்று மாறும். 'மரம்' என்பது 'மாம்' ஆகும். அதையாவது பிழைதிருத்தி பிடித்துவிடும். 'கரணம்' 'காணம்' ஆனால், காணமும் தமிழ்ச் சொல்தானே, கொள்ளு என்று விட்டுவிடும். 'நரி' என்பதில் ர-வுக்குப் பதில் துணைக்கால் உட்கார்ந்தால் சில எழுத்துருவில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. இதற்கு ஒரு வழி: தமிழில் துணைக்காலுக்குப் பின் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரவே வராது. அப்படி வந்த இடமெல்லாம் ர. கண்டுபிடித்து மாற்றும் வசதியில் 'ாி' என்பதை 'ரி' என்றும், 'ா்' என்பதை 'ர்' என்றும் முதலிலேயே மாற்றிவிட்டால் பாதிப் பிழை போய்விடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, னை எல்லாம் பழைய உருவில் இருக்கும். அங்கே மென்பொருள் தோற்கும், ஒருவர் வாசிக்க ஒருவர் ஒப்பிட்டுத் திருத்துவதைத் தவிர வழியில்லை. ஒரு மாலைக்குப் பத்துப் பக்கம் முடிந்தால் நல்ல வேகம்.

கடைசியாக, பாட்டு. படிப்பகம் என்று வந்ததும் பிள்ளைகள் வீட்டுப் பாட்டிகளின் படகா பாட்டுகளைப் போனில் பதிந்து கொண்டுவருவார்கள். உடனே கிரியேட்டிவ் காமன்ஸ் போட்டு ஏற்றிவிடலாம் என்று தோன்றும். பொறுங்கள். மரபுப் பாட்டுக்கு எழுதியவர் தெரியாது, ஆனால் ஒலிப்பதிவின் பதிப்புரிமை பதிந்தவருக்குப் போகிறது. போனைப் பிடித்த பையன் உரிமையாளன், பாடிய பாட்டிக்கு இருப்பது 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. சாவு வீட்டில் மட்டும் பாடும் பாட்டை யாரோ விளம்பரத்துக்குப் போட்டாலும், பை உரிமம் என்றால் பெயரைச் சொன்னால் போதும் என்றுதான் ஆகும். அதனால் பாடியவரிடம் அவர் மொழியிலேயே மூன்று தனிக் கேள்விகள் கேட்டு, பதிலை ஒலியாகவே பதிந்துகொள்ளுங்கள்: இந்த அறைக்குள் கேட்கலாமா, வேறு ஊருக்குக் கொடுக்கலாமா, உலகம் முழுக்கக் காசுக்கும் பயன்படுத்த விடலாமா. முதல் கேள்விக்கு உடனே சரி என்பவர்கள் மூன்றாவதுக்கு, பெரியவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். அதுவரை கோப்பின் பெயரில் 'உள்ளே மட்டும்' என்று சேர்த்து, கிவிக்ஸ் ஓடும் லேப்டாப்பில் வைக்காமல் தனிப் பென்டிரைவில், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். டப்பாவின் மேல் பாடியவர் பெயரும் தேதியும் இருக்கட்டும், பெரியவர்கள் பதில் சொல்ல வரும்போது தேட வேண்டியிருக்காது.